குமிழ் இருக்கும் மூலை

பொறாமைக்கு யாரும் தீனி போட வேண்டியதில்லை. அது தானே மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அப்படி மேய்ந்து கொழுத்த ஒரு பொறாமையை நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்த மனிதரின் கதை இது.

பட்டறையில் அவருக்குத் தொப்பு என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டுத் தொந்தியைத் தேடுவார்கள். தொந்தி இருக்காது, ஆள் ஈர்க்குச்சி. பெயர் வேலையால் வந்தது. செய்த பொருளை ஆள் உயரத்திலிருந்து கீழே போட்டு, உடைகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவருடைய அறையிலிருந்து ‘தொப், தொப்’ என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். இப்படி நாள் முழுக்கப் பொருளைப் போட்டு உடைக்கிற மனிதர், வீட்டில் மனைவி கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவினால் மட்டும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

அவர் போட்டுப் பார்த்தவை, இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடிகளின் கூடுகள். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கும்மிருட்டிலும் எல்லாம் பச்சை நிறத்தில் தெரியும். கடலில் தொலைந்தவர்களைத் தேடுகிறவர்களும் காட்டுக் காவலர்களும் வாங்குவார்கள். உள்ளே இருக்கிற குழாய்தான் பார்க்கிறது. அது வேறெங்கிருந்தோ வந்தது. பட்டறை செய்தது அந்தக் குழாயைச் சுமக்கிற கூட்டை மட்டும்தான். அதற்காகக் கூட்டை இளப்பமாக நினைக்கக் கூடாது. அதில் மயிரிழை விரிசல் விட்டாலும் ஈரம் உள்ளே போய்க் குழாய் குருடாகிவிடும்.

தொப்புவின் பொறாமை ஊரில் இருக்கிற எல்லார் மேலும் பரவிக் கிடக்கவில்லை. அது ஒரே ஆள் மேல் குவிந்திருந்தது. மனைவியின் தங்கை புருஷன். சகலை. மாமனார் வீட்டில் சின்ன மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரே பட்டறைக்கும் அவர் பின்னால் வந்துவிட்டது.

பட்டறைக்கு எப்படி வந்தார் என்று கேட்டால் அங்கேதான் வயிற்றெரிச்சல். முதலாளியிடம் போய் அவருக்காகச் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே தொப்புதான். மாமனார் கேட்டுக்கொண்டார், மறுக்க முடியவில்லை. “நல்ல கைக்காரன், எனக்குத் தம்பி மாதிரி” என்று சொல்லிவைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஓணான் என்று சொன்னேனே தவிர, சின்ன மாப்பிள்ளையிடம் யாரும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. தொப்புவால் தாங்க முடியாததும் அதுதான். மெதுவாகப் பேசுவார். எதற்கும் சிரிப்பார். தொப்புவிடம் பேசும்போது ஒரு வாக்கியத்துக்கு ஓர் அண்ணே போடுவார். சில வாக்கியங்களுக்கு இரண்டு. “அண்ணே, டீ குடிச்சாச்சா அண்ணே?” என்பார். அந்த இரண்டாவது அண்ணேயைக் கேட்கும்போதெல்லாம் தொப்புவுக்குப் பல் கூசும்.

மாமனார் வீட்டு ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. கல்யாணமான புதிதில் அது தொப்புவுக்கென்றே விடப்பட்டிருந்தது. வேறு யாராவது உட்கார்ந்தால், “எழுந்திரு, பெரிய மாப்பிள்ளை வர்றாரு” என்று மாமனாரே எழுப்பிவிடுவார். சின்ன மாப்பிள்ளை வந்தபிறகும் அதை யாரும் பிடுங்கவில்லை. அவர் தரையில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆனால் மாமனார் தன் நாற்காலியைத் தரைப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு அன்றிலிருந்து மாமனாரின் பின்மண்டைதான் தெரிந்தது.

போதாததற்குப் பெற்ற மகள் வேறு. சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்றாள். “கொண்டா, நான் மாட்டுறேன்” என்று தொப்பு எழுந்தார். “பரவால்லப்பா, சித்தப்பா வந்ததும் பார்த்துக்கலாம்” என்றாள். இரும்பையே வெட்டிய கைகளை வைத்துக்கொண்டு தொப்பு மறுபடி உட்கார்ந்தார்.

இரும்பு வெட்டியது நிஜம். சோதனை அறைக்கு வருவதற்கு முன்னால் அவர் கூடுகளை வார்க்கிற இரும்பு அச்சு வெட்டுகிறவராக இருந்தார். இடுப்பு வலி வந்து, நின்று செய்கிற வேலை ஆகாது என்றானபிறகுதான் இந்த அறைக்கு மாற்றினார்கள். மாறுவதற்கு முன் கடைசியாக அவர் வெட்டியது ஓர் இருட்டுக் கண்ணாடிக் கூட்டின் அச்சு. பட்டறை இவ்வளவு காலம் விற்றுவந்தது அந்தக் கூட்டைத்தான்.

அதன் பெருமை முழுவதும் வலது மேல் மூலையில், அதாவது கூட்டின் வலது தோளில், இருந்த குமிழில் இருந்தது. எழுத்தில்தான் குமிழ், பட்டறையில் அது நாப். பெரிய குமிழ், ஓரமெல்லாம் வரிவரியாக இருக்கும். ஒரு திருப்புத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், கண்ணாடி உயிர் பெறும். மேலும் திருப்பினால் வெளிச்சம் கூடும். முன்பக்கத்துக் குட்டி விளக்கைப் போட வேண்டுமானால் குமிழை வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். கை பட்டுத் தவறி எரியாது. தடிமனான உறை போட்ட கைக்கும் அந்த டக் கேட்கும். தொப்பு சில நாட்கள் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சும்மா திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார், சிலர் ரேடியோ கேட்பதுபோல.

வாங்கியவர்களில் சிலர், குமிழுக்கு அடியில் விரிசல் விட்டதென்று கூட்டைத் திருப்பி அனுப்பியதுண்டு. “வச்சுக்கத் தெரியாதவன் கையில கொடுத்தா இப்படித்தான்” என்று தொப்பு அதை ஒதுக்கிவிட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இந்த நிலையில்தான் ஒருநாள் முதலாளி ஒரு புதுக் கூட்டைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். எடை குறைவு. குமிழ் இல்லை. குமிழ் இருக்க வேண்டிய அதே வலது தோளில் மூன்று பொத்தான்கள். ஒன்றில் புள்ளி, ஒன்றில் கோடு, ஒன்று குழிந்திருந்தது. விரல் தடவியே கண்டுபிடிக்கலாமாம்.

“யார் செஞ்சது?” என்று கேட்டார் தொப்பு. கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

“உங்க சகலைதான். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்க. எது கைக்கு வாகா இருக்கு, எது அடி தாங்குது? வாங்குறவங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடி நமக்குத் தெரியணும். ரெண்டுல ஒண்ணுதான் இனிமே ஓடும்.”

ரெண்டில் ஒன்று. அந்தச் சொல் தொப்புவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தன் பெயர் சொல்ல அந்தப் பட்டறையில் இருந்தது அந்தக் குமிழ் ஒன்றுதான். நாற்காலி இருந்தும் மாமனார் முகம் போனது, மகளின் சைக்கிள் போனது. இதையுமா?

இங்கே பொருளைக் கீழே போடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார் போட்டாலும் விழும், அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். விழுவதில் ஒன்றுமில்லை, விடுவதில்தான் வித்தை. சிமெண்ட் தரை மேல் ஒரு ஒட்டுப்பலகை. கூட்டுக்குள் குழாய்க்குப் பதில் அதே எடையில் ஒரு பித்தளைக் கட்டி. கையை நீட்டிப் பிடித்து விட வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆனால் விடும் கணத்தில் மணிக்கட்டை ஒரு நூல் அளவு சாய்த்தால் கூடு எந்தப் பக்கமாக விழ வேண்டுமோ அந்தப் பக்கமாக விழும். நேராக விட்டால் வயிறு படிய விழும். அதற்கு வலிக்கவே வலிக்காது. வலது தோள் மூலை கீழே வரும்படி விட்டால், மொத்த எடையும் அந்த ஒரு முனையில் வந்து இறங்கும். இது தொப்புவின் கைக்குத் தெரியும். கைக்குத் தெரியும் என்பது தொப்புவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சகலையின் கூட்டை எடுத்தார். மணிக்கட்டு தானே சாய்ந்தது. மூலை போய்ப் பலகையில் இடித்தது. பொத்தான்களைச் சுற்றி முட்டை ஓடுபோல் உடைந்து சிதறியது.

தன் கூட்டை எடுத்தார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் விட்டார். வயிறு படிய விழுந்தது. எடுத்துத் துடைத்து ‘டக்’ என்று ஒரு திருப்புத் திருப்பினார். நெஞ்சு குளிர்ந்தது.

சின்ன மாப்பிள்ளை வந்து குந்தி உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கித் துணியில் சேர்த்துக்கொண்டார். அழுவார் என்று தொப்பு எதிர்பார்த்தார். குறைந்தபட்சம் முகமாவது சுண்டும் என்று ஆசைப்பட்டார்.

“நல்லவேளை அண்ணே, இங்கயே உடைஞ்சுது. கடல்ல போய் உடைஞ்சிருந்தா?” என்று சிரித்தார் அவர். “எந்த மூலை அண்ணே பட்டுது?”

“இந்த மூலை.”

“இதுக்கு ஏதாச்சும் செய்யறேன் அண்ணே.”

செய்தார். மூலையை வளைத்துக்கொண்டு வந்தார். தொப்பு மறுபடி அதே மூலையில் போட்டார், மறுபடி உடைந்தது. பொத்தான்களைச் சுற்றிக் கரை கட்டிக்கொண்டு வந்தார். அதே மூலை, அதே சத்தம். உள்பக்கம் விலா எலும்புபோல் தாங்கிகள் வைத்துக்கொண்டு வந்தார். இந்த முறை உடையவில்லை, ஆனால் ஈரம் புகுமா என்று பார்க்கத் தண்ணீரில் அமுக்கியதும் காற்றுக் குமிழி வந்தது. பொத்தான்களுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் தொப்புவுக்குள் இருந்த பொறாமை எழுந்து வந்து கூட்டைத் தன் கையால் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தன் கூட்டை மட்டும் தொட்டிலில் விட்டார்.

அறையில் இன்னொருவரும் இருந்தார். விழுந்த கூட்டைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிற அம்மாள். தொட்டியக்கா என்பார்கள். தொட்டியை விட்டு அவர் தலையைத் தூக்குவது அபூர்வம். ஒருநாள் தூக்கினார்.

“ஏம்ப்பா தொப்பு, உன் கூட்டுக்கு வலது தோளே கிடையாதா?”

“ஏன்க்கா?”

“இல்ல, அது தரையைப் பார்த்ததே இல்லையே, அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தொட்டியில் குனிந்துகொண்டார். தொப்பு காதில் விழாததுபோல் பலகையைத் துடைத்தார்.

கடைசியில் ஒருநாள் சின்ன மாப்பிள்ளையின் கூடு அந்த மூலையில் விழுந்து, துள்ளி, உருண்டு, நின்று, சும்மா இருந்தது. தண்ணீரில் அமுக்கினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. தொப்பு இன்னும் உயரத்திலிருந்து போட்டார். அசையவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். இங்கே அண்ணன் அடித்த அடியே உதவியாகிவிட்டது. அடித்தவருக்கு மட்டும் அது புரியவில்லை.

வாங்குகிற இடத்திலிருந்து பார்வையிட ஓர் அம்மாள் வந்தார். அகலமான கைகள், வெயிலில் காய்ந்த முகம். இந்தக் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு படகில் போய் ஆள் தேடியவராம். முதலாளி நீட்டிய நாற்காலியில் உட்காரவில்லை.

“முதல்ல கை. அப்புறம் அடி” என்றார்.

கடல் குளிரில் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கூடுகள் இரண்டையும் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, தடித்த கையுறை மாட்டிக்கொண்டு இருட்டறைக்குள் போனார். மற்றவர்கள் கதவோரம் நின்று கேட்டார்கள். உள்ளே டக் என்றது. மறுபடி டக் என்றது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து, “நாப் நல்லாருக்கு. என்ன செய்யுதுன்னு அதுவே சொல்லுது” என்றார். “பொத்தான்ல விரல் நின்னு யோசிக்குது. உறையோட அமுக்கினா ரெண்டு சேர்ந்து அமுங்குது.”

தொப்புவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சகலையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அதைப் பார்க்கத்தானே இவ்வளவும்.

“நானும் அதான் நினைச்சேன். அண்ணனோட நாப் மாதிரி வராது” என்று சின்ன மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மனதாரத்தான் சொன்னார். அந்த மனதாரத்தை எடுத்து எங்கேயாவது எறிந்துவிட வேண்டும்போல் இருந்தது தொப்புவுக்கு.

அடுத்தது அடி. தொப்பு வழக்கப்படி பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினார். அந்த அம்மாள் கொடுக்கவில்லை.

“நானே போடறேன். படகுல ஏறும்போதும் இறங்கும்போதும் எப்பவும் இந்த வலது பக்கந்தான் இடிபடும். கம்பியில, கல்லுல, எல்லாத்துலயும்.”

பொத்தான் கூட்டை எடுத்து வலது தோள் கீழே இருக்கும்படி போட்டார். அது துள்ளிவிட்டு நின்றது, பழகின அடிதானே. குமிழ்க் கூட்டை எடுத்தார். ‘அப்படி இல்லம்மா, நேரா விடுங்க’ என்று சொல்லத் தொப்புவுக்கு நாக்கு எழுந்தது. சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

கூடு மூலையில் விழுந்தது. குமிழ் தண்டோடு முறிந்து, அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியக்காவின் முக்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. தொட்டியக்கா குனிந்து எடுத்துத் தொப்புவின் கையில் வைத்தார்.

“நாப் எனக்குப் பிடிச்சிருக்கு. அதனால ஒரு வாய்ப்பு தர்றேன்” என்றார் அந்த அம்மாள். “மூலையைப் பலமாக்குங்க. அடுத்த தடவை வந்து, இதே மாதிரி போட்டுப் பார்ப்பேன். தாங்கினா நாப். இல்லைன்னா பொத்தான்தான்.”

அவர் போனபிறகு முதலாளி, “புதுக் கூடு எப்படி இவ்வளவு கெட்டியாச்சு?” என்று கேட்டார்.

“எல்லாம் அண்ணனாலதான்” என்றார் சின்ன மாப்பிள்ளை. “சொந்தக்காரன்னு ஒரு தடவைகூட விட்டுக் கொடுக்கல. எந்த மூலை மோசமோ அதே மூலையில போட்டாரு. உடைய உடைய நான் சரி பண்ணிக்கிட்டே வந்தேன்.”

“தொப்புன்னா தொப்புதான்!” என்று முதலாளி முதுகில் தட்டினார். “ஆமா, உங்களோடதையும் அப்படித்தானே போட்டிருப்பீங்க? அது எப்படி இவ்வளவு நாள் தப்பிச்சுது?”

“சில நேரம் அப்படித்தான், குறை கண்ணுக்குத் தெரியாம போயிடும்” என்றார் தொப்பு. தொட்டியில் தண்ணீர் சளப்பென்று சத்தம் போட்டது.

செய்தி அன்று மாலையே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தொப்பு போனபோது, மாமனாரின் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

“சின்ன மாப்பிள்ளை எல்லாம் சொன்னாரு. உறவு வேற, வேலை வேறன்னு இருக்கிற மனுஷன் இந்தக் காலத்துல யாரு? உங்களைப் போல நேர்மையா ஒருத்தர் எனக்கு மாப்பிள்ளையா கிடைச்சது என் பாக்கியம்.”

எத்தனை வருடமாக ஏங்கிய முகம் அது. கிடைத்துவிட்டது. கொழுந்தியாள் வந்து, “மாமா மட்டும் இல்லைன்னா இவர் கூடு கரையேறியிருக்காது” என்று டீ கொடுத்தாள். தொப்பு டம்ளரை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்தார். பாராட்டு பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதையும் அவன் வாங்கிக் கொடுத்தல்லவா தனக்குக் கிடைக்க வேண்டியிருக்கிறது? தான் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அவன் தனக்கு மரியாதை வாங்கிக் கொடுக்கிறான். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருக்குத் தன் பொறாமை எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கூடு வாங்கிய அடிகள் மேலேயே இப்போது பொறாமை. அத்தனை அடியையும் அதற்கே கொடுத்துவிட்டாரே. தன் பிள்ளைக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையே.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அச்சு இயந்திரத்தின் முன் நின்றார். குமிழுக்குப் பக்கத்தில் வரப்புபோல ஒரு கரை எழுப்பினார், தண்டைக் குட்டையாக்கினார், உள்ளே தாங்கி வைத்தார். புதுக் கூடு வார்ப்பிலிருந்து வந்ததும் அதைச் சோதனை அறைக்கு எடுத்துப் போனார். வலது தோள் கீழே இருக்கும்படி பிடித்தார். விட்டார்.

வயிறு படிய விழுந்தது.

மறுபடி பிடித்தார். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். விடுகிற அந்தக் கணத்தில் மணிக்கட்டு பாசத்தோடு நிமிர்ந்துகொண்டது. எத்தனை முறை போட்டாலும் கூடு தொட்டிலில்தான் இறங்கியது. கை அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

“அக்கா, நீங்க ஒரு தடவை போடுங்களேன்.”

தொட்டியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கூட்டை வாங்கி எடை பார்த்தார். “எனக்கு உன் மேல கோவமும் கிடையாது, இது மேல ஆசையும் கிடையாது. நான் போட்டா அது சும்மா விழும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். “உன் சகலையோடதைக் கெட்டியாக்கின போடு இருக்கே, அது வேற. அதுக்கு உள்ள ஏதாச்சும் எரியணும்ப்பா.”

தெரிந்தே இருந்திருக்கிறது அக்காவுக்கு.

சாப்பாட்டு வேளையில் சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அத்தனை தடவை அந்த மூலை உடைந்ததைக் கண்டவர்; எந்தப் பக்கம் கீழே வர வேண்டும் என்று தெரியும். அறையில் வேறு யாரும் இல்லை. “நீ போடு தம்பி. அந்த மூலையில” என்றார்.

“நானா அண்ணே?” சின்ன மாப்பிள்ளை கூட்டை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தார். “கரை பிரமாதமா வந்திருக்கு அண்ணே.” பிறகு போட்டார். போட்டார் என்று சொல்வது தப்பு, இறக்கி வைத்தார். கூடு பூனைபோல விழுந்தது. “தாங்கிடுச்சு அண்ணே!”

“இப்படி இல்லப்பா. எம்மேல உனக்கு ஏதாச்சும் கோவம் இருக்கும்ல. அதை நினைச்சுக்கிட்டுப் போடு.”

சின்ன மாப்பிள்ளை கண்ணை மூடி நிஜமாகவே தேடிப் பார்த்தார். “ஒண்ணும் வர மாட்டேங்குது அண்ணே” என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

தொப்புவுக்கு எரிந்தது. இத்தனை வருடத்தில் எரிந்ததெல்லாம் சேர்த்து அப்போது எரிந்தது. இந்த மனிதனுக்கு அது இல்லவே இல்லை. தன் நெஞ்சை அரித்துத் தின்றது எதுவோ, அதில் ஒரு துளிகூட இவனிடம் இல்லை. இப்படி ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு இவன் எவ்வளவு சுகமாக வாழ்ந்திருக்கிறான்! அந்த அம்மாள் நாளை வருகிறார். மூலை நிஜமாகவே தாங்குமா என்று தெரியாமல் அவர் கையில் கொடுத்தால், மறுபடி குமிழ் முக்காலிக்கு அடியில் போய்ப் படுக்கலாம். ஒரு கோபமான கை வேண்டும். அந்தக் கையைச் செய்ய ஒரே வழிதான் இருந்தது. அதற்கு விலையாக ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலியைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

“தம்பி, உன் கூட்டை அந்த மூலையில போட்டேனே, அது பலம் பார்க்கறதுக்கு இல்ல.”

“பின்ன எதுக்கு அண்ணே?”

“உடைக்க.”

சின்ன மாப்பிள்ளை பழக்கத்தில் சிரித்தார். சிரிப்பு பாதியில் வழி தெரியாமல் நின்றது.

“ஒவ்வொரு தடவையுமா அண்ணே?”

“ஒவ்வொரு தடவையும். என்னோடதை ஒரு தடவைகூட அப்படிப் போட்டதில்ல. உன்னைக் கண்டா எனக்கு ஆகாது. இன்னைக்கு நேத்து இல்ல, நீ அந்த வீட்டுத் தரையில வந்து உட்கார்ந்த அன்னையிலிருந்து.”

“நான்... எல்லார்கிட்டயும் உங்களைப் பத்தி...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உடைந்த சில்லுகளை இந்தப் பலகை முன் குந்தி எத்தனை முறை பொறுக்கினாரோ, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் ஒரு நரம்பு மெல்ல எழுந்தது. அப்படி ஒரு நரம்பு அவருக்கு இருப்பது தொப்புவுக்கு இதுவரை தெரியாது.

தொப்பு கூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். “இப்போ போடு.”

சின்ன மாப்பிள்ளை தொப்புவைப் பார்க்கவில்லை. கூட்டைத் திருப்பினார். குமிழ் இருக்கும் மூலை கீழே வந்தது. தேவையான உயரத்துக்கும் மேலே, தலைக்கு மேலே தூக்கினார். விட்டார்.

வழக்கமான தொப் இல்லை அது. மடாரென்று விழுந்ததில் பலகையே இடம் மாறியது. கூடு எகிறிச் சுவரில் மோதி வந்து நின்றது. சின்ன மாப்பிள்ளையே எடுத்தார். தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் ஆடி அடங்கியது. ஒரு குமிழியும் வரவில்லை. வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, ஒரு திருப்புத் திருப்பினார். டக் என்றது.

கூட்டைத் தொப்புவின் நீட்டிய கையில் வைக்காமல் மேசை மேல் வைத்தார்.

“தாங்கிடுச்சு” என்றார்.

துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். தொப்பு கூட்டைத் தொடாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஓர் ‘அண்ணே’ வரும் என்று அவர் காது காத்திருந்தது. வரவில்லை.